கலியமூர்த்திக்கு வராத அழைப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். "மேடம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஆபீஸே மாறிப்போகுது. இன்னைக்கு ஒருத்தருக்குக் கீழ, நாளைக்கு வேற ஒருத்தருக்குக் கீழ. நாங்க வீடு வீடாப் போய்க் கேட்டுட்டு வர்றதெல்லாம் எங்க போய்ச் சேருதுன்னே தெரியல. நீங்க எப்படி இத்தன வருஷம் தாக்குப்பிடிச்சீங்க?"

அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். உண்மையான பதில் இதுதான்: தாக்குப்பிடித்தது நான், என் வேலை தாக்குப்பிடிக்கவில்லை. அலுவலகத்தில் உங்களுக்காக உற்சாகமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது கலியமூர்த்தியின் கதை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கைப்பேசி காவிரி டெல்டாவுக்குள் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தார். எங்கள் நிறுவனம் விவசாயிகளுக்கு மழைச் செய்தி சொல்லும் சேவை ஒன்றை நடத்தியது. போன் அடிக்கும். எடுத்தால் பதிவுசெய்த குரல் ஒன்று ஊர்ப் பெயரைச் சொல்லி, இரண்டு நாளில் கனமழை வரலாம், அறுப்பைத் தள்ளிப்போடுங்கள், வரப்பை வெட்டித் தண்ணீரை வடியுங்கள் என்று சொல்லும். சென்னையில் சிலர் சேர்ந்து தொடங்கிய சின்ன நிறுவனம் அது. பிறகு பெங்களூர்க்காரர்கள் வாங்கினார்கள். அவர்களை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள்.

எங்கள் பிரிவு தஞ்சாவூரில், மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் இருந்தது. சேவையைப் பயன்படுத்துகிறவர்களின் வீட்டுக்குப் போவது, உட்கார்ந்து பேசுவது, அவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது, பார்த்ததைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வது. இதுதான் வேலை. நானும் அன்புச்செல்வனும் முக்கியமான ஆட்கள். அன்பு என்னைவிடப் பத்து வயது சின்னவன், மன்னார்குடிப் பக்கம். நான் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்தவள்.

சென்னையில் எங்களுக்குத் தலைவியாக ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. என் வயதுதான். குரல் உயர்த்தியோ பாராட்டியோ பேசமாட்டார். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க" என்று சொன்னால், "நல்லாருக்குன்னு சொன்னப்போ போன் யார் கையில இருந்துச்சு?" என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் மறுபடியும் போகவேண்டும்.

அப்போது ஒருநாள் தலைமை அலுவலகத்தில் பெரிய மகிழ்ச்சி. எங்கள் மழைச் செய்தியைப் பெரும்பாலானவர்கள் கடைசி வரை கேட்கிறார்களாம். வேறு எந்தச் சேவையிலும் இப்படி இல்லையாம், பாதியில் வைத்துவிடுவார்களாம். ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்டு வரச் சொன்னார்கள். நானும் அன்புவும் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்துக்குப் போனோம். கலியமூர்த்தியை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

நாற்பது வயதிருக்கும். வாயாடி. நாம் ஒரு கேள்வி கேட்டால் அவர் இரண்டு கேட்பார். "நீங்க வந்து எங்கள கேக்குறீங்க. சரி, ஒங்கள யாரு கேக்குறா?" என்று அன்புவிடம் கேட்டார். கலியமூர்த்தி பயிரிட்டது குத்தகை நிலம். நிலத்துக்காரர் துபாயில் இருந்தார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

"மழைச் செய்தி போன் ஒழுங்கா வருதுங்களா?" என்றேன்.

"எனக்கா? எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லீங்களே."

"இந்த வயலுக்கு வருதுன்னு எங்க கம்ப்யூட்டர் சொல்லுதே. முழுசாக் கேக்குறாங்கன்னும் சொல்லுது."

"அப்ப வயலுதான் கேட்டிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "நெலத்துக்காரவங்க நம்பருக்குப் போகுமாயிருக்கும். சிட்டா அவங்க பேர்லதானே இருக்கு."

மல்லிகா சொன்னது சரி. சேவையில் ஒரு வயலைச் சேர்க்கும்போது சிட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய போன் நம்பரைத்தான் எங்கள் ஆட்கள் வாங்கியிருந்தார்கள். அங்கிருந்தே நிலத்துக்காரரைத் துபாயில் அழைத்துப் பேசினேன். அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது.

"வருதுங்க, நல்லா வருது. நான் தவறாம கேப்பேன். வேல முடிஞ்சு வந்து படுத்துக்கிட்டுக் கேப்பேன். நம்ம ஊரு பேரச் சொல்லி, மழை வரும்னு சொல்லுது பாருங்க... அதக் கேக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆயிடும். இங்க ரூம்ல இருக்குறவனுங்களும் ஸ்பீக்கர்ல போடச் சொல்லிக் கேப்பானுங்க."

"கேட்டதும் கலியமூர்த்திகிட்டச் சொல்லிடுவீங்களா?"

"அவருக்கும்தான் வருமே?" என்றார். "வராதா?"

எங்கள் சேவையை ஏன் கடைசி வரை கேட்டார்கள் என்று புரிந்துவிட்டது. பாலைவன மணலில் வேலை பார்க்கிறவர்கள் மழைக்காகக் கேட்டார்கள். வயலில் நின்றவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இதைத் தலைவியிடம் சொன்னேன். வழக்கம்போல, "எத்தன வீட்டுல பாத்தீங்க?" என்று கேட்டார். இன்னும் நிறைய ஊர்களுக்குப் போய்ப் பார்த்தோம். குத்தகை நிலம் இருந்த இடமெல்லாம் இதே கதை. நிலத்துக்காரர் துபாயில், சிங்கப்பூரில், அல்லது சென்னையில் மகன் வீட்டில். தலைவி அதை எடுத்துக்கொண்டு மேலிடத்தோடு பல வாரம் மல்லுக்கட்டினார். வெளிநாட்டு நம்பர்களை எடுத்துவிட்டால் கேட்கிறவர்களின் எண்ணிக்கை சரிந்துவிடும், சேவை தோற்றதுபோலத் தெரியும் என்று அவர்கள் பயந்தார்கள். தலைவி விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். பயிர் செய்கிறவரின் நம்பரை வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்த்தோம். எல்லாருக்கும் ஓர் அழைப்பு போனது. அதே குரல்: "இனி உங்கள் வயலுக்கான மழைச் செய்தி இந்த எண்ணுக்கே வரும்."

கலியமூர்த்தி அன்றே என்னைக் கூப்பிட்டார். "அக்கா, போன் வந்துடுச்சு! மல்லிகாவையும் கூப்புட்டு ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டோம். இனிமே மழை வந்தா எனக்குச் சொல்லாம வராது!"

அதற்குப் பிறகு சில மழைகள் வந்தன; செய்தியும் போனது. அவர் நம்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பெங்களூர்க்காரர்கள் எங்களை வாங்கினார்கள். சென்னை அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டு, பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைவியும் போனார். மேசையைக் காலி செய்துகொண்டே என்னோடு போனில் பேசினார். அழவில்லை. "நூர்ஜகான், ஜனங்களுக்கு நாம என்ன வாக்குக் கொடுத்திருக்கோம்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. நீங்க திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருங்க. எரிச்சல்படுவாங்க. படட்டும்" என்றார்.

சொல்லிக்கொண்டே இருந்தேன். புதிய தலைவர் பெங்களூரில் இருந்தார். இளைஞர், நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுவார். அவரை நீங்கள் வில்லனாக நினைத்துவிடக் கூடாது. "மேடம், எல்லாத்தையும் எங்க சிஸ்டத்துக்கு மாத்திக்கிட்டு இருக்கோம். மைக்ரேஷன் முடியட்டும்" என்பார். எங்கள் பக்கம் மைக்ரேஷன் என்றால் பாஸ்போர்ட், பெட்டி, திருச்சி ஏர்போர்ட். அவர் சொன்னது நம்பர்களை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதை. "குத்தகைக்காரங்க நம்பர் விட்டுப்போயிடாம பாத்துக்கோங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். பழைய மாற்றங்கள் எல்லாம் அப்படியே கொண்டுவரப்பட்டுவிட்டன என்று ஒருநாள் எழுத்தில் பதில் வந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அதைச் சரிபார்க்க வீடுகளுக்குப் போகவேண்டுமே. அந்தப் பருவம் முழுவதும் களப்பணியை நிறுத்திவைத்தார்கள். எந்தப் பிரிவு யாருக்குக் கீழ் என்று முடிவாகும் வரை யாரும் எங்கும் போகக்கூடாது. அலுவலகம் கொடுத்த கைப்பேசிகளையும் வாங்கிக்கொண்டார்கள். புதியவை வரும் என்றார்கள். எத்தனையோ வருஷமாகச் சேர்ந்த நம்பர்கள் எல்லாம் அதோடு போயின. அந்த இளைஞரும் வேறு பிரிவுக்கு மாறிப்போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. நானும் அன்புவும் மாடி அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வேலை இருந்தது, செய்ய அனுமதி இல்லை. அப்படி உட்கார்ந்திருப்பது உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பதைவிடக் கொடுமை.

பொங்கல் கழிந்தது. அறுப்பு தொடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போது சார்ஜாவிலிருந்து என் தம்பி என் சொந்த போனில் கூப்பிட்டான். அம்மாவின் முட்டிவலி பற்றிக் கேட்டான், பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டான், பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னான்:

"அங்க பெரிய மழை வருதாமேக்கா? தை மாசத்துல என்ன மழை? கூரைல ஓடு ஒடஞ்சிருக்குன்னு அம்மா சொன்னாங்க, யாரையாச்சும் விட்டு மாத்தச் சொல்லு."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ஒனக்கு யாருடா சொன்னா?"

"ஒங்க கம்பெனி போன்தான். எங்க ரூம்ல நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான், அவன் அப்பா நெலம் அவன் பேர்ல இருக்கு. நடுவுல கொஞ்ச நாள் வராம இருந்துச்சாம். இப்ப மறுபடியும் வருதுன்னு சந்தோசமாக் கேட்டுக்கிட்டு இருந்தான்."

"மறுபடியும் வருது" என்ற அந்த ஒரு பேச்சே போதும். பழைய நம்பர்கள் திரும்பிவிட்டன. குத்தகைக்காரர்களின் நம்பர்கள் போய்விட்டன. தை மாதம், கதிர் முற்றி நிற்கிறது; மழை வந்தால் சொல்வோம் என்று நாம் வாக்குக் கொடுத்த மனிதர்கள் எல்லாம், போன் வரவில்லையென்றால் மழை இல்லை என்று நினைப்பார்கள்.

பிள்ளைகளே, இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் அந்தச் சேவையைத் தொடங்கவே இல்லையென்றால், அவர்கள் வானத்தைப் பார்த்திருப்பார்கள், டிவியைப் பார்த்திருப்பார்கள், பக்கத்து வயல்காரரைக் கேட்டிருப்பார்கள். நாங்கள்தான் எங்களை நம்பச் சொன்னோம். சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டோம். அவர்களைப் பொறுத்தவரை எங்கள் மௌனமும் ஒரு செய்திதான். மழை இல்லை என்ற செய்தி.

பெங்களூருக்குப் போன் போட்டேன். வேறு பிரிவுக்கு மாறிப்போன அந்த இளைஞர்தான் எடுத்தார். அது இப்போது தன்னிடம் இல்லை என்று வருத்தப்பட்டு இன்னொருவரிடம் தள்ளினார். அந்த இன்னொருவருக்கு நான் யார் என்றே தெரியவில்லை. விளக்கினேன். "குத்தகைக்காரங்களா? அப்படி ஒரு பிரிவே இங்க இல்லையே மேடம்" என்றார். நம்பர்களையாவது எடுத்துக் கொடுங்கள், நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம் என்று கெஞ்சினேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே யார் என்று கேட்டேன். "அதுதான் அடுத்த வாரம் அறிவிப்பாங்க" என்றார்.

நான் போனை வைத்ததும் அன்பு ஹெல்மெட்டை எடுத்துவிட்டான். "அக்கா, வண்டியில போயிடலாம்."

நாற்பது தாண்டிய முஸ்லிம் வீட்டுப் பெண், கூட வேலை பார்க்கிறவனின் பைக்கில் தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை போனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க அன்று நேரமில்லை. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "பாத்துப் போ, துப்பட்டா சக்கரத்துல மாட்டிக்கப் போவுது" என்று மட்டும் சொன்னார்.

மன்னார்குடி தாண்டியதும் வழி நெடுக வயல்களில் அறுப்பு. சில இடங்களில் மிஷின் ஓடியது. தாழ்வான வயல்களில் ஆட்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த நெல்தாள் கைப்பிடி கைப்பிடியாக, அரி அரியாக வயலிலேயே கிடந்தது. வண்டியை நிறுத்தி நிறுத்திச் சொன்னோம். சிலர் கேட்டார்கள். சிலர் வானத்தைக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "யாரு நீங்க? சர்க்காரா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படி வயல் வயலாக நின்றால் எதுவும் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

திருத்துறைப்பூண்டிக்கு அருகில் பாதை பிரியும். ஒரு பக்கம் போனால் என் பிறந்த ஊர். பள்ளிவாசல் ஒலிபெருக்கி சுற்றுவட்டார வயல்களுக்கெல்லாம் கேட்கும். மறுபக்கம் பாலம் தாண்டிப் போனால் கலியமூர்த்தியின் கிராமம். அன்பு வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"எங்கக்கா?"

கலியமூர்த்தியின் முகம்தான் முதலில் வந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னால் நூறு வயலுக்குப் போகும். "பள்ளிவாசலுக்கு" என்றேன்.

அங்கே ஜமாஅத் செயலாளர் இருந்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், என் அத்தாவுக்குத் தெரிந்தவர். விஷயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"இந்த மைக்குல பாங்கு சொல்லுவோம். யாராச்சும் எறந்துட்டா மவுத்து சொல்லுவோம். புள்ள காணோம்னா சொல்லுவோம். மழை வருதுன்னு சொன்னதில்லையேம்மா."

"சொல்லுங்க மாமா. அறுத்துப் போட்டிருக்குறது எல்லாம் நனைஞ்சுடும்."

"சரி, யார் பேர்ல சொல்றது? ஒங்க கம்பெனி பேர் என்ன இப்ப? போன வருஷம் ஒரு பேர் சொன்னே."

பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். புதுப் பெயரை இங்கே ஒருவருக்கும் தெரியாது.

"என் பேர்லயே சொல்லுங்க" என்றேன். "இன்னார் மக நூர்ஜகான் சொல்லச் சொன்னான்னு சொல்லுங்க."

"மழை பேஞ்சாச் சரி. பேயலன்னா? ஆளுவ வேலைய நிறுத்தி, கூலியும் குடுத்து, சும்மா ஒக்காந்திருப்பாங்க. அப்புறம் ஊர்ல ஒம் பேரு என்னாவும், ஒங்க அத்தா பேரு என்னாவும், யோசிச்சியா?"

யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்த மழைச் செய்தி எத்தனை முறை பொய்த்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். "சொல்லுங்க மாமா" என்றேன். அவர் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு வந்தவர்களிடமும் கலந்து பேசிவிட்டுத்தான் மைக்கைத் தொட்டார். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆனால் சொன்னார், நிறுத்தி நிதானமாக, என் பெயரையும் என் அத்தா பெயரையும் சேர்த்து, இரண்டு தடவை சொன்னார். நாங்கள் வெளியே வரும்போது வயல்களில் ஆட்கள் நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. சிலர் கட்டுக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

பாலம் தாண்டும்போது வடகிழக்கில் வானம் கருத்திருந்தது.

கலியமூர்த்தியின் வயல் தாழ்வு. மிஷின் இறங்காது. வாசலில் மல்லிகா மட்டும் இருந்தார். "வயக்காட்டுல இருக்காங்க. இன்னைக்குத்தான் ஆள் கெடச்சுது" என்றார். நான் ஓடினேன். வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன்.

வயல் முழுவதும் அறுத்தாகியிருந்தது. ஒரு கதிர் கூட நிற்கவில்லை. தாள் அரி அரியாக ஈரத்தரையில் படுத்துக் கிடந்தது. அறுத்த ஆட்கள் கரையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வந்து கட்டித் தூக்குவதாகப் பேச்சு. கலியமூர்த்தி என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்கக்கா! எவ்வளவு நாளாச்சு ஒங்களப் பாத்து! என்ன சேறும் சகதியுமா வர்றீங்க?"

"மழை வருது. எல்லாத்தையும் கட்டி மேட்டுல ஏத்துங்க. இப்பவே."

அவர் வானத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "போன் வரலையேக்கா" என்றார். "பக்கத்து வயக்காரர்கூட, மேகம் ஒரு மாதிரியா இருக்கு, நாளைக்கு அறுக்கலாம்யான்னு சொன்னாரு. நாந்தான், மழைன்னா எனக்கு போன் வந்துருக்கும், வரலன்னுட்டு தைரியமா ஆள எறக்கிட்டேன்."

"போன் வராது" என்றேன். "ஒங்க நம்பர எடுத்துட்டாங்க."

அவருக்கு அது புரியவில்லை. புரியவைக்க நேரமும் இல்லை. கிளம்பிய ஆட்களைக் கூப்பிட்டார். பாதிப் பேர் திரும்பினார்கள். அன்பு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். நானும் இறங்கினேன். எனக்குக் கட்டுக் கட்டத் தெரியாது; அள்ளி அள்ளிக் கொடுத்தேன். மல்லிகா ஓடிவந்து சேர்ந்துகொண்டார். ஒரு மூலையைக்கூட முடிக்கவில்லை, முதல் துளி விழுந்தது. பிறகு துளியாக விழவில்லை, கொட்டியது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். கடைசியில் கலியமூர்த்தி மட்டும் நடுவயலில் நின்று அள்ளிக்கொண்டிருந்தார். தாள் தண்ணீரில் மிதக்கத் தொடங்கியபோது நிமிர்ந்தார். கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார். எறியவில்லை, வைத்தார்.

மழை நாள்கணக்கில் விடாமல் பெய்தது. வெயில் வந்தபோது அரியிலேயே நெல் முளைத்துவிட்டிருந்தது. பார்ப்பதற்கு நாற்றங்கால் மாதிரி பச்சையாக இருந்தது. கொள்முதல் நிலையத்தில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிவாசல் அறிவிப்பைக் கேட்ட வயல்களில் பலர் தப்பித்தார்கள். அவர்களில் சிலர் என் அம்மா வீட்டுக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்களாம். பாதை பிரியும் அந்த முனையில் நான் எடுத்த முடிவு சரியான முடிவு. இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன். சரியாகச் செய்ததால் மனம் ஆறும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒரு பாராட்டு வந்தது. மழைச் செய்தியைக் கடைசி வரை கேட்டவர்கள் முன்னெப்போதையும்விட அதிகமாம். புதிதாக அறிவிக்கப்பட்ட தலைவர் எல்லாரையும் போனில் சேர்த்து வாழ்த்தினார். நான் குறுக்கிட்டு, கேட்டவர்கள் எங்கே இருந்தார்கள், மழை எங்கே பெய்தது என்று சொன்னேன். தமிழிலும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். "இது ரொம்ப முக்கியமான விஷயம், தனியாகப் பேசலாம்" என்றார் அவர். தனியாகப் பேசுவதற்குள் தஞ்சாவூர் பிரிவை மூடிவிட்டார்கள். அன்பு வேலையை விட்டுவிட்டு உரக்கடை வைத்தான். என்னை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்த பிறகு குத்தகைக்காரர் நம்பர்களை மறுபடியும் சேர்த்தோம். ஒரு பருவம் ஒழுங்காக ஓடியது. பிறகு சேவையையே நிறுத்திவிட்டார்கள். பல வருஷம் கழித்து ஒரு பெரிய கூட்டத்தில், நன்றாகப் படித்த ஒரு பெண், கிராமத்தில் சிட்டாவில் பெயர் இருப்பவரும் பயிர் செய்பவரும் ஒருவரல்ல என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவளும் நடந்து போய்ப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருந்தாள். நாங்கள் கண்டுபிடித்ததை யாரும் அவளிடம் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கற்றுக்கொண்டது என்று ஏதாவது இருந்தால் இதுதான். அலுவலகம் மாறும் என்று கேள்விப்பட்டால், உங்கள் நாற்காலி என்னாகும் என்று பார்ப்பதற்கு முன்னால், வெளியே யார் யார் உங்களை நம்பிக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள்: கொஞ்ச நாள் எங்களை நம்பாதீர்கள், வழக்கம்போல வானத்தைப் பாருங்கள் என்று. அனுமதி கேட்காதீர்கள், கிடைக்காது. எழுத்தில் வந்த பதிலை நம்பாதீர்கள். யார் கையில் போன் அடிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு நம்புங்கள். இதையெல்லாம் செய்தாலும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது. கொஞ்சம் காப்பாற்றலாம்.

நிலத்துக்காரர் துபாயிலிருந்து வந்து அந்த நிலத்தை இறால் பண்ணைக்காரர் ஒருவருக்கு விட்டுவிட்டார். கலியமூர்த்தி மலேசியாவுக்குப் போனார், ஏதோ ஹோட்டலில் பாத்திரம் கழுவ. போவதற்கு முன் நான் அவரைப் பார்க்க முடியவில்லை. அடுத்த அறுப்புக் காலத்தில், அந்த வருஷம் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள, பழைய பழக்கத்தில் பேனாவும் கையுமாக அந்த வீட்டுக்குப் போனேன். மல்லிகா வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டார். பாய் விரித்தார். நான் உட்கார்ந்து, "அண்ணன் போன் பேசுறாரா..." என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை.

"அக்கா, நீங்க எப்ப வேணா வாங்க. டீ குடிங்க, சாப்புடுங்க. ஆனா எதுவும் கேக்காதீங்க. நாங்க சொல்லி என்னக்கா ஆச்சு?"

டீ கொடுத்தார். குடித்தேன். அதன் பிறகு எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். மகள் கல்யாணத்துக்குப் போனேன். கலியமூர்த்தி திரும்பி வந்தபோது போனேன். அவர் இப்போது அதிகம் பேசுவதில்லை. மழையைப் பற்றியோ வயலைப் பற்றியோ நான் அங்கே இன்றுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.